மலிவு விலை ஸ்மோக்கர்: எதை எடுப்பது, எப்படிப் பழக்குவது

குறைந்த விலையில் கரி கிரில் அல்லது ஸ்மோக்கர் (இறைச்சியைப் புகையிலும் மிதமான சூட்டிலும் மெல்ல வேகவைக்கும் அடுப்பு) தேடினால் கண்ணில் படுவது மூன்று உருவங்கள்தான். உருண்டையான கெட்டில், நிமிர்ந்து நிற்கும் புல்லட், பக்கவாட்டில் நெருப்புப் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் ஆஃப்செட். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முதன்முறை வாங்குபவர் 57 செ.மீ. கெட்டிலை எடுக்கலாம். புகை போடுவதற்கென்றே தனியாக ஒன்று வேண்டுமென்றால் புல்லட். மூன்றிலும் பார்க்க அழகானது ஆஃப்செட்; ஸ்பேனரும் டிரில்லும் எடுத்து ஒரு நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டத் தயாராக இருப்பவர் மட்டும் அதன் பக்கம் போகலாம்.

இப்படி வரிசைப்படுத்த ஒரே காரணம் காற்று. எவ்வளவு கரி போடுகிறோம் என்பதை விட, எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதுதான் சூட்டைத் தீர்மானிக்கிறது. மூடி சரியாகப் பொருந்தி, கீழ்த் துளையும் மேல் துளையும் ஒழுங்காகத் திறந்து மூடினால் 110 டிகிரி செல்சியஸில் ஆறு மணி நேரம் நிறுத்தலாம். கண்ட இடத்திலெல்லாம் காற்று கசிந்தால் துளையைத் திருகுவதில் பயனே இல்லை, நெருப்பு தன் இஷ்டத்துக்கு எரியும். மலிவான சரக்கில் முதலில் கைவைக்கப்படுவது இந்தப் பொருத்தத்தில்தான். சக்கரம், பக்கத்து மேசை, கொக்கி, பாட்டில் திறப்பான் எல்லாம் இருக்கும். அந்த பாட்டில் திறப்பானுக்குப் பதில் மூடிக்கு ஒரு கேஸ்கெட், அதாவது கசிவை அடைக்கும் பட்டை, கொடுத்திருக்கலாம்.

கெட்டில் ஏன் முதலிடத்தில்

இந்த வடிவம் வந்தது 1952-இல். சிகாகோ பக்கம் வெபர் பிரதர்ஸ் மெட்டல் வொர்க்ஸ் என்ற பட்டறையில் இருந்த ஜார்ஜ் ஸ்டீபன், நீரில் மிதக்கவிடும் மிதவைக்காகச் செய்த உலோகக் கோளத்தை இரண்டாக வெட்டி, கீழ்ப் பாதிக்குக் கால் வைத்தார், மேல் பாதியை மூடியாக்கினார். இன்றைக்கு யார் செய்த கெட்டிலானாலும் அடிப்படை அதேதான். மடிப்பில்லாத இரண்டு கிண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று உட்காருகின்றன. இணைப்பு குறைவு, அதனால் கசிவும் குறைவு. எனாமல் பூச்சு நன்றாக இருந்தால் துருவும் எளிதில் அண்டாது.

அளவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 57 செ.மீ. கெட்டிலில் சமைக்கும் தட்டின் குறுக்களவு சுமார் 54 செ.மீ., அதாவது ஏறக்குறைய 2,300 சதுர செ.மீ. பாதியில் கரியைக் குவித்து மறுபாதியில் இறைச்சியை வைத்தாலும் ஒரு முழுக் கோழி தாராளமாக உட்காரும். 47 செ.மீ. கெட்டில் நேரடி நெருப்பில் சுடுவதற்குப் பரவாயில்லை. புகை போட வேண்டுமென்றால் கரியை ஒதுக்கியது போக மிஞ்சும் இடம் போதாது. இறைச்சியின் ஒரு ஓரம் எப்போதும் கங்குக்கு மேலேயே நிற்கும், அந்த ஓரம் கருகும்.

வாங்கும்போது மூடியை வைத்துவிட்டு, கால் வட்டம் கால் வட்டமாகத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் சுற்றிலும் ஒரே மாதிரி உட்கார வேண்டும். ஒரு பக்கம் தூக்கினால் அந்தக் கிண்ணம் கோணலாகியிருக்கிறது. ஒரு துண்டுக் காகிதத்தை விளிம்பில் வைத்து மூடி, மெதுவாக இழுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. சுற்றி எட்டு இடங்களில் இழுங்கள். ஓரிரு இடத்தில் லேசாக நழுவினால் போகட்டும். பாதி இடங்களில் காற்றில் இழுப்பது போல் வந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். அடுத்து, கீழ்த் துளைகளை மூடும் தகடுகள். அவை சாம்பலையும் வழித்துத் தள்ள வேண்டும், முழுசாக மூடவும் வேண்டும். கைப்பிடியை ஆட்டினால் கடகடவென்று ஆடி, மூடிய நிலையிலும் கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் கரியை அணைக்கவே முடியாது. கடைசியாக எனாமல். விளிம்பிலும் போல்ட் துளைகளைச் சுற்றியும் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். துரு தொடங்குவது அங்கிருந்துதான்.

புல்லட்: நல்லதும் இருக்கிறது, வெறும் தகர டப்பாவும் இருக்கிறது

கீழே கரி, நடுவில் தண்ணீர்த் தட்டு, மேலே இரண்டு அடுக்குக் கம்பித் தட்டு. இறைச்சி நேரடி நெருப்பைப் பார்க்காது. தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது என்பதால் உள்ளே சூடு சட்டென்று ஏறாது. இந்த ஏற்பாடு ஒழுங்காக இருந்தால் ஆறேழு மணி நேரம் அதிகம் கைவைக்காமலே ஓடும்.

பிரச்சினை மிக மலிவான புல்லட்டுகளில். கரி இருக்கும் கிண்ணத்தில் அடித்துளையே இருக்காது. இரண்டு மணி நேரத்தில் சாம்பல் சேர்ந்து கங்கை மூடி, நெருப்பு மூச்சுத் திணறி அணையும். மூடியில் டேம்பர், அதாவது காற்றுத் துளையைத் திறந்து மூடும் தகடு, இருக்காது. வெப்பமானி என்ற பெயரில் ஒரு முள் இருக்கும். அதில் எண்ணுக்குப் பதில் ‘குறைவு’, ‘சரி’, ‘அதிகம்’ என்று மூன்று பட்டைகள். இப்படி ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தால் காப்பாற்றலாம். கரிக் கிண்ணத்தின் அடியில் 12 மி.மீ. அளவில் எட்டு முதல் பத்துத் துளை போட்டு, கிண்ணத்துக்குள் இரண்டு அங்குலம் உயரத்தில் ஒரு கம்பித் தட்டை வையுங்கள். கரி அதன் மேல் இருக்கும், சாம்பல் கீழே விழும். சாம்பல் தரையில் கொட்டாமல் அடியில் ஓர் உலோகத் தட்டு வேண்டும். மூடியில் ஒரு துளை போட்டு அதற்குத் தகடு ஒன்றைத் திருகினால் மேல் டேம்பர் தயார். புதிதாக வாங்குவதாக இருந்தால் இந்த வேலைகள் ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கும் புல்லட்டையே தேடி எடுங்கள்: கீழே மூடித் திறக்கும் துளைகள், மேலே ஒன்று, நடுவில் கரி போட ஒரு கதவு. கதவு வளைந்திருந்தால் கையாலேயே மெல்ல வளைத்துச் சரிசெய்யலாம், அதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம்.

ஆஃப்செட்: கண்ணுக்கு விருந்து, கைக்கு வேலை

ஆஃப்செட்டின் வேலை முறை அருமையானது. பக்கத்துப் பெட்டியில் விறகு எரிகிறது, சூடும் புகையும் பெரிய உருளை வழியாக ஓடிப் புகைப்போக்கியில் வெளியேறுகிறது. ஆனால் அதற்குக் கனமான தகடு வேண்டும். நல்ல ஆஃப்செட்டுகள் 6 மி.மீ. எஃகில் செய்யப்படுகின்றன. மலிவானவை பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு மி.மீ.தான். மெல்லிய தகடு சூட்டைப் பிடித்துவைக்காது. காற்று அடித்தாலும் சூடு இறங்கும், மூடியைத் திறந்தாலும் இறங்கும்.

விளம்பரத்தில் ‘ஹெவி டியூட்டி’ என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டியதில்லை, எடையை வைத்துக் கணக்குப் போடலாம். எஃகுத் தகடு 1 மி.மீ. கனத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. உருளை 40 செ.மீ. குறுக்களவும் 70 செ.மீ. நீளமும், நெருப்புப் பெட்டி பக்கத்துக்கு 40 செ.மீ.யும் என்று வைத்துக்கொண்டால் மொத்தத் தகடு சுமார் 2.1 சதுர மீட்டர். 1 மி.மீ. என்றால் உடம்பு மட்டும் 16 முதல் 17 கிலோ வரும். 3 மி.மீ. என்றால் 50 கிலோவை நெருங்கும். கால், சக்கரம், தட்டு, மேசை எல்லாம் சேர்த்தே 30 கிலோ என்று பெட்டியில் போட்டிருந்தால், உள்ளே இருப்பது ஒரு மி.மீ. சொச்சம்தான். அட்டையில் இருக்கும் சமையல் பரப்பையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நெருப்புப் பெட்டிக்குள் இருக்கும் தட்டையும், மேலே தொங்கும் சூடு காக்கும் தட்டையும் கூட்டித்தான் பெரும்பாலும் அந்த எண்ணைப் போடுகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஆஃப்செட்தான் வேண்டும் என்றால், வாங்கிய அன்றே நான்கு வேலைகள் காத்திருக்கின்றன. பூட்டி முடித்தபின் செய்வது கஷ்டம் என்பதால் பூட்டும்போதே செய்துவிட வேண்டும்.

முதலாவது, நெருப்புப் பெட்டியும் உருளையும் சேரும் இடம். அங்கே உலோகத்தோடு உலோகத்தை வைத்து நாலு போல்ட் போட்டிருப்பார்கள். அந்த இடம் மிகச் சூடாகும், சாதாரண சிலிக்கோன் அங்கே கருகிப்போகும். விறகடுப்புக் கதவுக்குப் போடும் கண்ணாடியிழைக் கயிறு அல்லது அடுப்பு சிமென்ட் போட்டு இறுக்குங்கள். உருளை மூடியின் விளிம்புக்கு ஃபெல்ட் கேஸ்கெட் பட்டை போதும். உருளையே இரண்டு பாதியாக வந்திருந்தால் அந்தப் பொருத்தில் அதிக வெப்பம் தாங்கும் சிவப்பு சிலிக்கோன் பூசலாம். குப்பியில் 300 டிகிரிக்கு மேல் தாங்கும் என்றும், உணவு படும் இடத்துக்கு ஏற்றது என்றும் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பூசியபின் ஒரு முழு நாள் காயவிடாமல் நெருப்பு மூட்டக் கூடாது.

இரண்டாவது, தடுப்புத் தகடு. இதை வைக்காவிட்டால் நெருப்பு வாயருகே 180 டிகிரி, மறுமுனையில் 110 என்று இருக்கும். வாயின் மேல்விளிம்பிலிருந்து கீழ்நோக்கிச் சாய்வாக 3 மி.மீ. எஃகுத் தகடு ஒன்றைத் திருகினால் சூடு தட்டுக்கு அடியில் போய்ப் பரவும். அதன் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தட்டையும் வைத்தால் இன்னும் நல்லது. எந்தத் துண்டுத் தகட்டையும் நெருப்பருகே மாட்டிவிடாதீர்கள். துத்தநாகம் பூசிய தகடு கூடவே கூடாது, அந்தப் பூச்சு சுமார் 420 டிகிரியில் உருகத் தொடங்கும், அதிலிருந்து வரும் ஆவி காய்ச்சலையும் மூச்சு இறுக்கத்தையும் கொண்டுவரும்.

மூன்றாவது, கரித் தட்டின் உயரம். கொடுக்கும் கம்பித் தட்டு பெட்டியின் அடியிலிருந்து இரண்டு விரற்கடைதான் எழும்பி நிற்கும். அரை நாளில் சாம்பல் அதை முட்டிவிடும். விரித்த எஃகு வலையில் 30 செ.மீ. சதுரமும் 15 செ.மீ. உயரமுமான கூடை ஒன்று செய்து, அதை அடியிலிருந்து ஐந்தாறு செ.மீ. தூக்கி வையுங்கள். நான்கு வேலைகளில் ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மலிவு ஆஃப்செட்டில் சூடு ஏறவில்லை என்ற புகாரில் பெரும்பகுதி இதனால் வருவதுதான்.

நான்காவது, புகைப்போக்கி. உருளையின் உச்சியில் திறப்பு இருந்தால் சூடு மேலாகவே ஓடி வெளியே போய்விடும். வளையும் அலுமினியத் தகட்டைச் சுருட்டி உள்ளே செருகி, தட்டின் மட்டம் வரை இறக்குங்கள்.

பூட்டுவதில் கவனிக்க வேண்டியவை

தகட்டின் வெட்டு விளிம்புகள் கையைக் கிழிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். போல்ட் எல்லாவற்றையும் முதலில் விரலால் மட்டும் திருகி, முழுசாக நிமிர்த்தி வைத்து, மூடி சரியாக உட்காருகிறதா என்று பார்த்த பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள். ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே போனால் கடைசி இரண்டு துளை நேராக வராது, பலவந்தமாகச் செருகினால் உடம்பு கோணும். எனாமல் மேல் வரும் போல்ட்டுக்கு ஃபைபர் வாஷர் கொடுத்திருப்பார்கள், அதைத் தொலைத்துவிட்டு இறுக்கினால் பூச்சு சில்லாகத் தெறிக்கும். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டுகளை நெருப்புப் பெட்டியில் போடாதீர்கள், வளையம் உருகிப்போகும். அங்கே முழு உலோக நட்டுதான். முதல் நெருப்புக்குப் பிறகு ஆறியதும் எல்லாவற்றையும் இன்னொரு முறை இறுக்க வேண்டும்.

பழக்குவது

புது ஸ்மோக்கரின் உள்ளே தொழிற்சாலை எண்ணெய், பெயின்ட் ஆவி, ஸ்டிக்கர் பசை எல்லாம் இருக்கும். முதல் நெருப்பு அதையெல்லாம் எரித்துத் தள்ளுவதற்கு. அதில் எதையும் சமைக்கக் கூடாது. இரண்டாவது, பெயின்ட் இல்லாத இரும்பின் மேல் எண்ணெய்ப் படலம் ஏற்றுவதற்கு. எனாமல் கெட்டிலுக்கு இந்த இரண்டாவது தேவையே இல்லை. எனாமல் என்பது கண்ணாடி மாதிரி, எண்ணெய் அதன் மேல் பிடிக்காது, பிசுபிசுப்பாகத்தான் நிற்கும். பல குறிப்புகளில் எல்லாவற்றுக்கும் எண்ணெய் பூசச் சொல்கிறார்கள், கெட்டிலின் கிண்ணத்துக்கு அது வீண் வேலை.

கெட்டிலுக்கு: தட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். சிம்னி ஸ்டார்ட்டரில் (கரியைப் பற்றவைக்க உதவும் கைப்பிடி வைத்த உலோகக் குழாய்) கரியை நிரப்பி, அடியில் கசக்கிய காகிதம் வைத்துப் பற்றவையுங்கள். பெரிய சிம்னியில் ஏறக்குறைய 100 பிரிக்கெட் (ஒரே அளவில் அழுத்திச் செய்த கரிக்கட்டி) பிடிக்கும். மேலிருக்கும் கரியிலும் நீறு பூத்ததும் கொட்டி, மேல் கீழ்த் துளைகளை முழுசாகத் திறந்து, மூடியைப் போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு எல்லாத் துளையையும் மூடுங்கள். மறுநாள் திறந்து பார்த்தால் இந்தப் பெட்டியின் தரம் தெரிந்துவிடும். கரி பாதியில் அணைந்து கருப்பாகக் கிடந்தால் அடைப்பு நன்றாக இருக்கிறது, அந்தக் கரியை மறுபடியும் பயன்படுத்தலாம். வெறும் சாம்பல்தான் மிஞ்சியிருக்கிறது என்றால் எங்கேயோ காற்று போகிறது. எந்தக் கருவியும் வேண்டாத கசிவுச் சோதனை இது.

ஆஃப்செட்டுக்கும் பெயின்ட் அடித்த எஃகு உருளைகளுக்கும் அவசரப்படாமல் ஏற்ற வேண்டும். பெயின்ட் சூட்டில்தான் முழுசாக இறுகும், எடுத்த எடுப்பில் பெரிய நெருப்பு போட்டால் கொப்புளமாக எழும்பி உரியும். முதல் ஒரு மணி நேரம் சின்ன நெருப்பில் 100 டிகிரிக்குள் வையுங்கள். அடுத்த ஒரு மணி நேரம் 150 வரை ஏற்றி, நாற்றம் நின்றபின் ஆறவிடுங்கள். இப்போது உள்பக்கச் சுவரிலும் தட்டிலும் சமையல் எண்ணெயைத் துணியால் தடவி, இன்னொரு உலர்ந்த துணியால் துடைத்து எடுங்கள். மிச்சம் இருக்கும் மெல்லிய படலமே போதும். இரும்புச் சட்டியைப் பழக்குவது போலத்தான்; அதிகம் தடவினால் இறுகாது, கோந்து மாதிரி ஒட்டும், தூசி பிடிக்கும். பிறகு 130 முதல் 150 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம், கடைசி ஒரு மணி நேரத்துக்கு இரண்டு கட்டி விறகுத் துண்டும் போட்டு ஓட்டுங்கள். சுவர் பழுப்பேறி, மங்கலான மினுமினுப்பு வந்திருக்க வேண்டும். நெருப்புப் பெட்டியின் வெளிப் பெயின்ட் எப்படியும் சில மாதங்களில் போகும், அதற்குத் தயாரிப்பாளரோடு சண்டை போட்டுப் பயனில்லை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அதிக வெப்பம் தாங்கும் கருப்புப் பெயின்ட்டை வெளிப்பக்கம் மட்டும் அடியுங்கள். உள்ளே பெயின்ட் எப்போதும் கூடாது.

எண்ணெய் ஏற்றிய நாளிலேயே வெப்பமானியையும் சோதித்துவிடலாம். மூடியில் வரும் டயல் வெப்பமானியைக் கழற்றி, அதன் தண்டைக் கொதிக்கும் தண்ணீரில் பிடியுங்கள். கடல் மட்டத்தில் 100 காட்ட வேண்டும், உயரம் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். பின்பக்கம் நட்டு இருந்தால் திருப்பிச் சரிசெய்யலாம். சரியாகக் காட்டினாலும் அது மூடியின் உச்சிச் சூட்டைத்தான் சொல்கிறது. இறைச்சி இருக்கும் மட்டத்தில் 20, 30 டிகிரி வித்தியாசம் சாதாரணம். ஆகவே, ஒரு கம்பி தட்டின் மட்டத்திலும் இன்னொன்று இறைச்சிக்குள்ளும் போகும் இரட்டைக் கம்பி டிஜிட்டல் வெப்பமானியைக் கட்டாயச் செலவாகவே கணக்கில் வையுங்கள். அதை வாங்க, ஒரு படி மலிவான கிரில்லை எடுத்தாலும் தப்பில்லை.

ஆஃப்செட்டில் சூடு எங்கே குவிகிறது என்று கண்டுபிடிக்க, 170 டிகிரிக்கு ஏற்றித் தட்டு முழுக்க ரொட்டித் துண்டுகளை அடுக்கி, பத்து நிமிடம் மூடிவிடுங்கள். திறந்தால் கருகியது, சிவந்தது, வெள்ளையாகவே இருப்பது என்று தட்டின் வரைபடமே கிடைக்கும். தடுப்புத் தகட்டின் சாய்வை மாற்றி மறுபடி பார்க்கலாம். கருகிய பகுதியில் எலும்புள்ள துண்டுகளையும், வெளிறிய பகுதியில் மென்மையானவற்றையும் வைப்பது என்று அதை வைத்தே முடிவு செய்யலாம்.

முதல் சமையலும் சூட்டைப் பிடித்து நிறுத்துவதும்

முதல் தடவையே விலை உயர்ந்த பெரிய துண்டை வைக்காதீர்கள். கொழுப்பு அதிகமுள்ள, ஏறுமாறான சூட்டையும் தாங்கும் ஒன்று நல்லது. கோழித் தொடை சரி, பன்றித் தோள் இன்னும் சரி. வழியும் கொழுப்பு உள்சுவரையும் பழக்கும்.

கெட்டிலில் நெடுநேரம் ஓட்டப் பாம்பு வரிசை என்ற முறை சிறந்தது. பிரிக்கெட்டுகளைக் கிண்ணத்தின் ஓரமாக இரண்டு அகலம், இரண்டு உயரம் என்று அடுக்கி, வட்டத்தில் முக்கால் பங்கு வரை வளைத்துக்கொண்டு போங்கள். மேலே முதல் பாதியில் நாலைந்து விறகுத் துண்டு. ஒரு முனையில் மட்டும் எட்டுப் பத்து எரியும் கங்கு வைத்தால், நெருப்பு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றி மெல்ல நகரும். நடுவில் தண்ணீர்த் தட்டு, அதற்கு மேலே இறைச்சி. காற்று அதிகமில்லாத நாளில் ஏழெட்டு மணி நேரம் 110 முதல் 125-க்குள் நிற்கும். உதிரிக் கரி, அதாவது அச்சில் அழுத்தாத மரக்கரித் துண்டுகள், இதற்குச் சரிவராது. அளவு ஒரே மாதிரி இல்லாததால் இடைவெளி விழுந்து பாதியில் அணையும், அல்லது இரண்டு இடத்தில் ஒரே நேரம் பற்றும். உதிரிக் கரியை உயர் சூட்டில் சுடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். எரிதிரவம் ஊறிய ‘உடனே பற்றும்’ கரியைப் பாம்பு வரிசையில் வைக்கவே கூடாது. வரிசையில் புதுக் கரி பற்றும் ஒவ்வொரு தடவையும் அந்த நெடி இறைச்சியில் ஏறும்.

மேல் துளையை எப்போதும் முழுசாகவோ, குறைந்தது பாதியோ திறந்தே வைத்து, சூட்டைக் கீழ்த் துளையால் கட்டுப்படுத்துங்கள். மேலே அடைத்தால் புகை உள்ளேயே தேங்கி, இறைச்சியின் மேல் கசக்கும் கருப்புப் பிசுக்காகப் படியும். சாப்பிட்டால் நாக்கு மரத்துப்போகும். 110 வேண்டுமென்றால் 95-இலேயே கீழ்த் துளையைக் குறைக்கத் தொடங்குங்கள். தாண்டிப் போன சூட்டை இறக்குவது பெரும்பாடு. ஒரு தடவை திருகினால் பதினைந்து நிமிடம் கைகட்டிக் காத்திருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் திருகுகிறவர் நாள் முழுக்கத் திருகிக்கொண்டேதான் இருப்பார்.

புது புல்லட்டும் புது கெட்டிலும் முதல் நாலைந்து தடவை சொன்னதைவிட 10, 20 டிகிரி சூடாகவே ஓடும். பளபளப்பான உள்சுவரும் அடைபடாத சிறு இடைவெளிகளும் காரணம். கொழுப்பும் கரிப்புகையும் படிந்து அந்த இடைவெளிகள் தானாக அடைபட்டதும் அடங்கிவிடும். அதற்குள் கேஸ்கெட் வாங்க ஓட வேண்டாம்.

புகையின் நிறத்தைப் பாருங்கள். பற்றவைத்ததும் வரும் அடர்ந்த வெள்ளைப் புகை அடங்கி, மெல்லிய நீலமாகவோ கண்ணுக்கே தெரியாமலோ ஆன பிறகே இறைச்சியை வையுங்கள். வெள்ளைப் புகை அடங்காவிட்டால் விறகு ஈரமாக இருக்கிறது அல்லது காற்று போதவில்லை. விறகை ஊறவைப்பது தேவையற்ற பழக்கம். தண்ணீர் ஆவியாகி முடியும்வரை அது ஒழுங்காக எரியாது. பிசின் வடியும் ஊசியிலை மரம், பெயின்ட் அடித்த பலகை, மருந்து ஏற்றிய கட்டுமான மரம் எதுவும் உள்ளே போகக் கூடாது.

பெரிய துண்டு 65, 70 டிகிரியில் வந்து மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். இயந்திரக் கோளாறு இல்லை. மேற்பரப்பு ஈரம் ஆவியாகிக் குளிர்விக்கிறது, அவ்வளவுதான். நெருப்பைக் கூட்டாதீர்கள், பொறுமை இல்லையென்றால் அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றுங்கள். கோழி எப்படியானாலும் உள்ளே 74 டிகிரி தொட்டாக வேண்டும்.

மற்ற வகைகள், சுருக்கமாக

மின்சாரப் பெட்டி செருகினால் ஓடும், ஆனால் பெரும்பாலானவை 135 டிகிரிக்கு மேல் ஏறாது. கோழித்தோல் ரப்பராகத்தான் வரும். பெல்லட் வகை, அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை எரிப்பது, வசதியானது. மலிவு பெல்லட்டில் பழுதாவது திருகுக் குழாயும் பற்றவைக்கும் கம்பியும்தான். ஈரம் பட்டு ஊதிய பெல்லட் குழாயில் இறுகிவிட்டால் முழுசாகப் பிரிக்க வேண்டும், ஆகவே தொட்டியில் மிச்சம் வைக்காதீர்கள். கேஸ் கிரில் வாங்கினால் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி குமிழி வருகிறதா என்று பாருங்கள், பற்றவைக்கும்போது மூடி திறந்தே இருக்கட்டும்.

வாங்கிய பிறகு வரும் புகார்கள்

கெட்டில் மூடிக்குள் பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது என்பது அடிக்கடி கேட்கும் புகார். எனாமலில் உரிவதற்குப் பெயின்ட்டே இல்லை. கரிந்த கொழுப்பும் புகையும்தான் காய்ந்து உரிகிறது, கசக்கிய அலுமினியத் தாளால் தேய்த்தால் போய்விடும். கம்பி பிரஷ்ஷைத் தட்டின் மேல் பயன்படுத்தினால் உதிரும் கம்பி இறைச்சியில் ஒட்டி வயிற்றுக்குள் போகும் ஆபத்து உண்டு, அதனால் இங்கேயும் அலுமினியத் தாள் உருண்டையே மேல்.

கொழுப்பில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடியைப் போட்டு எல்லாத் துளையையும் அடையுங்கள். இரண்டு மூன்று தடவைக்கு ஒருமுறை அடியில் தேங்கும் கொழுப்பை வழித்து எடுத்தாலே இது வராது. வீட்டுக்குள்ளும் மூடிய வண்டிக் கொட்டகையிலும் கரி மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்பதும் தப்பு.

மழைக்காலத்தில் உறையைப் போட்டு மூடிவிட்டு இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் தட்டில் பூஞ்சணம் இருக்கும். மீந்த கொழுப்பும் ஈரமும் சேர்ந்தால் அப்படித்தான். பெரிய நெருப்பில் எரித்து, தேய்த்துக் கழுவி, பெயின்ட் இல்லாத இரும்பாக இருந்தால் மறுபடியும் எண்ணெய் ஏற்றுங்கள். ஸ்மோக்கரை ஓட்டை விழ வைப்பது பெரும்பாலும் மழையைவிட உள்ளே விட்ட சாம்பல்தான். சாம்பல் காற்றின் ஈரத்தை இழுத்து அடித்தகட்டின் மேல் காரப் பசையாக உட்கார்ந்துகொள்ளும், மெல்லிய தகடு ஒரு பருவத்தில் அரித்துப்போகும். ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும், ஆறியதும், அள்ளிவிடுங்கள். ஒரு நாள் கழித்தும் உள்ளே கங்கு இருக்கக்கூடும் என்பதால் பிளாஸ்டிக் வாளி வேண்டாம், மூடியுள்ள உலோக வாளியில் போட்டு வையுங்கள்.